நனையாத தலை

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சந்தலியைச் சுற்றி இருந்தவர்கள்: வீட்டுக்காரி மஸ்தூரா. அவளுடைய செத்துப்போன புருஷனின் அக்கா சனவ்பர்; மூன்று வீடு தள்ளி இருக்கிறாள், தேநீர் நேரம் தவறமாட்டாள். மஸ்தூராவின் மருமகள் நிகோரா. நிகோராவின் மகள் அனிசா, மூன்று வயது. தேநீர்ப் பானையில் சாய்த்து வைத்த கைபேசிக்குள் மகன் சுஹ்ரோப், ருஷ்யாவில், கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், காதை மூடிய கம்பளித் தொப்பியோடு.

சந்தலி என்பது இதுதான்: தரைக் குழியில் கரிநெருப்பு, அதன்மேல் குட்டை மேசை, மேசைமேல் பஞ்சுப் போர்வை. எல்லோர் கால்களும் போர்வைக்குள் கிடந்தன. வெளியே ஸரஃப்ஷான் ஆறு இரு கரையிலும் உறைந்து நடுவில் மட்டும் கறுப்பாக ஓடியது. மின்சாரம் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தை மாதக் குளிரில் அங்கே யாரும் அதிகம் பேசமாட்டார்கள். சனவ்பர் மட்டும் விதிவிலக்கு.

"தொப்பியக் கழத்துடா, மொகத்தப் பாக்கணும்" என்றாள் மஸ்தூரா.

"கழத்தினா நாத்தம் அங்க வரைக்கும் வரும்மா. விடுதியில குழாய் வெடிச்சு மூணு வாரமாச்சு. ஞாயித்துக்கெழம மட்டும் பொதுக்குளியலுக்குக் கூட்டிட்டுப் போறான். மத்த நாள் மூஞ்சி கழுவணும்னா பனிய உருக்கணும்."

"ஆம்பள நாத்தம் கெடா நாத்தம். கெடந்துட்டுப் போகுது" என்றாள் சனவ்பர்.

அவன் சிரித்தான். பிறகு பொண்டாட்டியைப் பார்த்தான். தலைத்துணிக்கு வெளியே நெற்றியில் தெரிந்த முடியைப் பார்த்தான் என்று சொல்வதுதான் சரி. "இன்னிக்கிப் பரவால்ல" என்றான். எது பரவாயில்லை என்று மஸ்தூராவுக்கு விளங்கவில்லை. நிகோரா ரொட்டியைப் பிய்த்தாள்.

பேச்சு முடிந்து திரை அணைந்த பிறகுதான் அது நடந்தது. அனிசா தாயின் முதுகில் ஏறித் தலைத்துணியைப் பிடித்துத் தொங்கினாள். துணி அவிழ்ந்து கூந்தல் சரிந்தது.

சரிந்த விதம்தான் வினை. வியாழக்கிழமை கழுவின தலை செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எண்ணெய் கோத்து, வகிட்டோடு ஒட்டி, வறட்டிப் புகை நாறும். இது அலசிக் காயவைத்த ஆட்டு மயிர் மாதிரிப் பொசுபொசுவென்று விரிந்தது. புதினா வாசம் வேறு.

"தலை முழுகினியா?" என்றாள் சனவ்பர்.

"இல்ல பெரிய மாமி."

"முழுகலியா?"

"இல்லன்னுதான சொல்றேன்." நிகோரா துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வறட்டி எடுக்கத் தொழுவத்துக்குப் போனாள்.

சனவ்பர் குரலை இறக்கிப் பேசத் தெரியாதவள். அன்றைக்கு இறக்கினாள்.

"மஸ்தூரா, ஒன் அடுப்புல இன்னிக்கிச் சுடுதண்ணி வச்சாளா?"

"டீக்குத்தான்."

"நேத்து?"

"நேத்தும் டீக்குத்தான் மதினி."

"அப்ப அந்தத் தலை எங்க போயி குளிச்சிச்சு?"

மஸ்தூரா வாயில் இருந்த ரொட்டியை விழுங்கினாள். கேள்வி குளிப்பைப் பற்றியது அல்ல என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் குளிர்காலத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வியாழக்கிழமை, ஆளுக்கு ஒரு கெண்டி. வேறு கிழமையில் ஒரு பெண் முழுகினால் காரணம் இரண்டு. மாதவிலக்கு முடிந்திருக்க வேண்டும். அல்லது புருஷனோடு படுத்திருக்க வேண்டும்; படுத்தவள் உச்சி முதல் நனையாமல் மாவைத் தொடக்கூடாது, தொழக்கூடாது. நிகோராவின் விலக்கு நாள் மஸ்தூராவுக்கு அத்துப்படி. அது முடிந்து பத்து நாளாகிறது. புருஷனோ பதினான்கு மாதமாக ருஷ்யாவில்.

"நீ எதுவும் கேக்காத" என்றாள் சனவ்பர், ரப்பர் மேல்செருப்பைத் தோல் காலுறைமேல் மாட்டிக்கொண்டே. "கேட்டா முழிச்சுக்குவா. பாத்துக்கிட்டே இரு."

மஸ்தூரா பார்த்தாள். பார்ப்பது அவளுக்குப் பழக்கமான வேலை. கூட்டுப்பண்ணைக் காலத்தில் பதினோரு வருஷம் புகையிலைக் கொட்டகைக்குக் காவல் இருந்தவள். யார் மடியில் எத்தனை இலை போகிறது என்று நடையிலேயே சொல்வாள்.

நடைவழியில் இருந்த இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்களின் உள்பக்கத்தில் கரியால் கோடு போட்டாள். சோப்புக்கட்டியின் ஓரத்தில் நகத்தால் பிறை கீறினாள். கெண்டியின் அடியில் ஒரு மயிரை ஒட்டவைத்தாள். புதன்கிழமை கோடு கோடாகவே இருந்தது. சமையலுக்கு எடுத்தது மட்டும்தான் குறைந்தது. வியாழக்கிழமை எல்லோரும் ஒவ்வொரு கெண்டி ஊற்றிக்கொண்டார்கள், அதில் குற்றமில்லை. ராத்திரி கோட்டையும் பிறையையும் மயிரையும் புதிதாகப் போட்டாள். வெள்ளி, சனி, பிறை அழியவில்லை, மயிர் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மருமகள் குனிந்து அடுப்பு ஊதும்போது நெற்றி முடி மறுபடி பொசுபொசுவென்று பறந்தது.

தண்ணீர் குறைந்திருந்தால் மஸ்தூரா நிம்மதியாகத் திட்டியிருப்பாள். விறகுத் திருடி, சோப்புத் தின்னி என்று நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பாள். தண்ணீர் குறையவில்லை. இந்த வீட்டில் நனையாத தலை வேறொரு வீட்டில் நனைகிறது.

வேறு வீடு என்றால் ஊரில் ஒன்றுதான். நெமத்தின் வீடு. ருஷ்யாவில் சாரத்திலிருந்து விழுந்து காலை நொண்டிக்கொண்டு திரும்பியவன், நஷ்டஈடாக வந்த பணத்தில் முற்றத்தில் குளியல் கொட்டகை கட்டினான். நினைத்த கிழமையில் அதன் புகைபோக்கி புகையும். ஆற்றுக்குப் போகும் பாதை அவன் கதவை ஒட்டித்தான்.

அன்றே மஸ்தூரா பின்னாலேயே போனாள். நிகோரா நுகத்தடியில் இரண்டு வாளியோடு முன்னால் போனாள். பனி கால்முட்டு வரை கிடந்தது. நெமத்தின் கதவு கொஞ்சம் திறந்தது. நிகோரா நின்றாள். உள்ளிருந்து ஒரு கை நீண்டு காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தது. நிகோரா அதை மார்புத்துணிக்குள் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டு ஆற்றுக்கு இறங்கினாள். கை ஆண் கையா பெண் கையா என்று தெரியவில்லை. தடித்த சட்டைக்கைக்குள் எல்லாக் கையும் ஒன்றுதான்.

மஸ்தூரா நேரே சனவ்பர் வீட்டுக்குப் போய்க் கோட்டையும் பிறையையும் கதவையும் கையையும் சொன்னாள். சொல்லும்போதே சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் பாதி சொன்ன கதையைச் சனவ்பரிடமிருந்து மீட்டுக்கொண்டு வந்தவர்கள் யாரும் இல்லை.

திங்கட்கிழமை நிகோரா ஆற்றுக்குப் போன நேரத்தில் மஸ்தூரா மெத்தை அடுக்கைப் பிரித்தாள். ஆறாவது மெத்தை மடிப்பில் அனிசாவின் பழைய காலுறை ஒன்று கனமாக இருந்தது. அவிழ்த்தால் தூள். மண்ணும் இல்லை, மாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். விரலில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அனிசாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சனவ்பரை அழைத்து வந்தாள். சனவ்பர் முகர்ந்தாள்.

"கப்ரு மண்ணு. பொணக்குழியில எடுத்தது. குடிச்சவங்க வாயக் கட்டும்" என்றாள்.

"புதினா வாசம் வருதே மதினி."

"வாசத்துக்குப் போட்டிருப்பா. நாறினா நீ தேடுவல்ல? ஒன் டீயில கலக்கிட்டு இருக்கா. அதான் நீ இத்தன நாளும் கேக்காம வாய மூடிக்கிட்டு இருந்திருக்க."

"நீதான கேக்காதன்ன?"

சனவ்பர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு சிட்டிகையை காசு முடிகிற தலைத்துணி நுனியில் முடிந்துகொண்டு போனாள்.

மஸ்தூரா ஒரு கரண்டி தூளை எடுத்துத் தொழுவத்துக் கோழிக்குப் போட்டாள். செத்தால் ஒரு கோழி, தெரிந்துபோகும். கோழி கொத்தியது, அலகைத் தட்டிக்கொண்டது, இன்னும் வேண்டும் என்று அவள் காலைச் சுற்றி வந்தது. அரை மணி நேரம் குளிரில் நின்று பார்த்தாள். கோழி சாகிற மாதிரி இல்லை. கடைசியில் முட்டையே போட்டது.

நிகோரா வாளிகளை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தபோது காலுறை மேசைமேல் இருந்தது. பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. மஸ்தூராவுக்கு அது போதும்.

"யாரு குடுத்தது இது?"

"நானே செஞ்சது மாமி."

"யாருக்கு வைக்க?"

"எனக்குத்தான். தலைக்கு."

"தலைக்கு மந்திரமா?"

"மந்திரமும் இல்ல மண்ணும் இல்ல. கெழங்கு மாவு. கோகோ. காஞ்ச புதினா." குரல் தணிந்தது. "கோகோ... அனிசாவுக்கு அவுங்கப்பா அனுப்பின டப்பாவுல இருந்து எடுத்தேன். கெழங்கு மாவு நெமத் அண்ணனோட பொண்டாட்டிகிட்ட வாங்கினேன். பலகாரத்துக்குன்னு பொய் சொன்னேன்."

"சாப்புடுற மாவயா தலையில போட்டே?"

"அதான் சொல்லல."

மஸ்தூரா நெற்றியில் கைவைத்தாள். ரொட்டித் துணுக்கு தரையில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைக்கிற வீடு அது. மாவைத் தலையில் தேய்த்து உதறுவதா? மருமகள் கள்ளத்தனமாகச் செய்ததற்கும், முகம் வெளுத்ததற்கும் இந்த ஒரு காரணம் போதும். போதுமா? கொட்டகைக் காவல்காரி அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டாள்.

"தண்ணி இல்லாம தலை சுத்தமாகும்னு யாரு சொன்னா?"

"என் சிநேகிதி பஞ்சகெந்த் டவுன் ஆசுபத்திரியில நர்ஸா இருக்கா. எந்திரிக்க முடியாத நோயாளிக்கு இப்படித்தான் செய்வாங்களாம். போன்ல சொன்னா. மொதல்ல கோதுமை மாவுல செஞ்சு பாத்தேன், பிசின் மாதிரி ஒட்டிக்கிச்சு. மூணு நாள் தலைய சொரிஞ்சேன், நீங்க பேனுன்னு நெனச்சு மண்ணெண்ண எடுத்துட்டு வந்தீங்க."

அது உண்மை. மஸ்தூராவுக்கு நினைவிருந்தது.

"சரி. என் தலையில செய்யி. கண்ணால பாக்குறேன்."

நிகோரா ஒரு நிமிஷம் மாமியாரைப் பார்த்தாள். பிறகு பழைய போர்வையை விரித்து அவளைக் குனிந்து உட்காரச் சொன்னாள். அடுப்பில் இரும்புத் தட்டை வைத்து நாலு கரண்டி கிழங்கு மாவைக் கொட்டி, நிறம் மாறாமல் ஈரம் மட்டும் போகிற மாதிரிக் கையாலேயே துழாவினாள். "ஈரம் இருந்தா கட்டி தட்டும்" என்றாள். ஆறவிட்டு, இரண்டு கரண்டி கோகோ சேர்த்து, இடித்த புதினாவைத் தூவி, கிழிந்த பட்டுத் துணியில் இரண்டு தடவை சலித்தாள். பஞ்சில் தொட்டு வகிடு வகிடாகப் பிரித்து முடியின் வேரில் ஒற்றினாள். காது ஓரம், பிடரி, உச்சி.

"வெறும் மாவு மட்டும் போட்டா கறுப்பு முடியில சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதுக்குத்தான் கோகோ. ஒங்களுக்கு கோகோ வேணாம்னு நெனைக்கிறேன்."

"எனக்கு மட்டும் கொறச்சுப் போடப் பாக்குறியா? போடு."

பிசைந்த மாவு பொங்குகிற நேரம் அப்படியே உட்கார வைத்தாள். மஸ்தூரா தரையைப் பார்த்தபடி இருந்தாள். பின்மண்டையில் அந்த விரல்களின் சூடு இருந்தது.

"இம்புட்டும் எதுக்கு? வியாழக்கெழம வரைக்கும் பொறுக்க முடியாதா?"

"ஒங்க மவன் செவ்வாக்கெழமதான பேசுறாரு."

"அவனுக்கென்ன?"

பல்நெருக்கமான சீப்பு தலையில் இறங்கியது. நிகோரா பேசினால் சீப்பும் வேகமாகும்.

"மூணு மாசமா என் மூஞ்சியப் பாக்குறதில்ல மாமி. தலையத்தான் பாக்குறாரு. 'எண்ணெ வடியுது', 'ஆட்டுத்தோல் மாதிரி இருக்கு' இதே பேச்சு. முன்னாடி ஊர்ல இருந்தப்ப இந்தத் தலையில மொகம் வச்சுத்தான் தூங்குவாரு. அங்க யாரு தலையப் பாத்துட்டு வந்து இங்க கொறை சொல்றாரு?"

"வாய மூடு. என் மவனப் பேசாத."

"மூடிக்கிட்டேன்."

தூள் போர்வையில் கொட்டியது. நிகோரா அதை நாலு மூலையும் மடித்து, யார் காலும் படாமல் தொழுவத்துக்குக் கொண்டுபோய்க் கோழிக்கு உதறினாள். கோழி இதற்கு முன்பே பழகியதுபோல ஓடிவந்தது. அதைப் பார்த்துத்தான் மஸ்தூரா நம்பினாள்.

கண்ணாடியில் பார்த்தாள். நரைத்த தலை செவலைக் கன்று நிறத்தில் இருந்தது. ஆனால் மண்டை லேசாக, காற்றுப் பட்டது போல இருந்தது. பிழை தன்னுடையது என்று தெரிந்தும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கிச் சனவ்பர் மதினிகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் சனவ்பர் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்தாள். கல்யாணங்களுக்குக் கட்டுகிற தலைத்துணியைக் கட்டியிருந்தாள். அதே ஐந்து பேர். உப்புப் போட்ட பால் தேநீர், காய்ந்த முசுக்கட்டைப் பழம், ரொட்டி.

"ஒன் தலையில என்னடி சாயம்?" என்றாள் சனவ்பர் உட்காரும் முன்பே. "ஐயோ, ஒனக்கும் வச்சுட்டாளா?"

"மதினி, அது கோகோ. நான் சொல்றத மொதல்ல கேளு. நெமத் பொண்டாட்டி கெழங்கு மாவு குடுத்திருக்கா, அந்தக் கை அவ கை..."

"இனிமே எந்தக் கையா இருந்தா என்ன? நான் ஞாயித்துக்கெழமயே போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்பிட்டேன் அவனுக்கு. கோடு, பிறை, கதவு எல்லாம்."

"யாரக் கேட்டு அனுப்பின?"

"என் தம்பி மவன். யாரக் கேக்கணும்?"

கைபேசி அடித்தது. நிகோராதான் அதை எடுத்துத் தேநீர்ப் பானையில் சாய்த்து வைத்தாள். எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி ஒரு தடவை நகர்த்தியும் வைத்தாள். மஸ்தூரா அதைக் கவனித்தாள்.

சுஹ்ரோப் சலாம் சொல்லவில்லை. தொப்பி இல்லை. பின்னால் கட்டடமும் இல்லை. ஒரு சுவரும் மஞ்சள் திரைச்சீலையும்தான் இருந்தன.

"அத்தை இருக்கீங்களா? அம்மா இருக்கீங்களா? ரெண்டு பேரும் சாட்சி."

"டேய், பொறு" என்றாள் மஸ்தூரா. "அத்தை சொன்னது தப்பு. அவ குளிக்கவே இல்ல. அது மாவு. என் தலையிலயே போட்டுப் பாத்தேன், இந்தா பாரு..." துணியை அவிழ்த்துக் குனிந்து காட்டினாள். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, கைபேசிக்கு முன்னால் தலை காட்டி நின்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தேவையில்லம்மா. ஊரு பூரா பேசுது."

"ஊருக்கு யாரு சொன்னா? ஒங்கத்தையும் நானும்தான். நான் இல்லங்கிறேன்."

"முடிவு பண்ணிட்டேன். நிகோரா, கேட்டுக்க. தலாக்."

அனிசா பழத்தை மென்றுகொண்டிருந்தாள். மூன்று சொல் விழுந்தால் நிகோரா அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். பிள்ளை தகப்பன் வீட்டில் நிற்கும். அதை யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மஸ்தூரா நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். கெஞ்சத்தான் பார்த்தாள். ஆனால் ஒரு வாரமாக ஒரே இடத்தைப் பார்த்துப் பழகிய கண் தானாக அங்கேயே போனது. முடி நெற்றியோடு படிந்திருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு புருவத்தில் விழுந்தது. அவன் புறங்கையால் துடைத்தான்.

"தலை ஏன்டா நனஞ்சிருக்கு?"

"என்னது?"

"தலை. ஒன் தலை. இன்னிக்கிச் செவ்வாக்கெழம. குழாய் வெடிச்சிருக்குன்ன."

"பனிம்மா. பனி பெஞ்சுச்சு."

"காதுக்குள்ள நுரை இருக்கு."

அவன் கை காதுக்குப் போனது. போகிறபோதே தலை இடது பக்கம் திரும்பியது, அறைக்குள் இருக்கும் யாரையோ பார்க்கிற மாதிரி. ஒரு நொடிதான். கொட்டகைக் காவலில் மஸ்தூரா பிடித்தவர்கள் எல்லோரும் மடியைப் பார்க்கமாட்டார்கள், இலையை மறைத்து வைத்த இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

"தலாக்" என்றான் அவசரமாக. "அப்புறம்..."

மஸ்தூரா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கைபேசியை எடுத்துப் போர்வைக்கு அடியில், எல்லோர் காலுக்கும் நடுவில் திணித்தாள். அது உடனே மறுபடி அடிக்கத் தொடங்கியது. போர்வைக்குள் இருந்து சத்தம் அமுங்கி வந்தது.

"எடுடி" என்றாள் சனவ்பர். "மூணாவது சொல்லணும்ல அவன்."

"எத்தனை கேட்டுச்சு மதினி ஒனக்கு?"

"ரெண்டு. மூணாவது வாயில இருந்துச்சு."

"வாயில இருந்தத நான் பாக்கல. காதுக்கு வந்தது ரெண்டு. சாட்சி நீயும் நானும்தான். எங்க கேட்டாலும் ரெண்டுன்னுதான் சொல்லுவ."

"அவன் ஆம்பள. வெளியூர்ல இருக்கான். ஆயிரம் இருக்கும்."

"இருக்கட்டும். தலை முழுகிட்டு நல்லா ரொட்டி திங்கட்டும். எந்திரி."

"மருமவளுக்காக என்னத் தொரத்துறியா? கொடுத்துட்டா ஒனக்கு. தலை வழியா ஏத்திட்டா."

"எந்திரின்னேன்."

சனவ்பர் தேநீரின் மிச்சத்தைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நடைவழியில் ஒரு மேல்செருப்பை மாட்டினாள், மற்றதைத் தேடினாள். அதற்குள் மஸ்தூரா அவளை முதுகில் கைவைத்து முற்றத்தைத் தாண்டி நடத்திக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரை வாசலில் நிகோரா நின்றாள். அனிசாவின் குளிர்ச்சட்டை கையில் இருந்தது.

"நான் ஒங்களுக்காக இருக்கேன்னு நெனைக்காதீங்க மாமி" என்றாள். "பஸ்ஸு வெள்ளிக்கெழமதான் வரும். அதான்."

"வெள்ளிக்கெழம வரட்டும். இப்ப மாவு பெச."

"ரொட்டிக்கா?"

"பின்ன தலைக்கா?"

போர்வைக்கு அடியில் கைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மஸ்தூரா சனவ்பரைப் பனிக்குள் விட்டாள். "என் செருப்புடி! ஒத்தச் செருப்பு உள்ள கெடக்கு!" என்று வெளியே சத்தம் கேட்டது. மஸ்தூரா மரக்கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளை இழுத்தாள், சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினாள். பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.